பழைய பிக்கப்பா, பத்தடி லாரியா? எண்ணெய்க் கணக்கில் எது தேறும்?

குளிர்காற்று_ஈசூன்

வணக்கம். சிங்கப்பூரில் ஏர்கான் சர்வீஸ், இன்ஸ்டலேஷன் வேலைக்குப் பழைய வண்டி ஒன்று தேடுகிறேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்), 2.5 டீசல், மேனுவல், டூ வீல் டிரைவ். மற்றது டொயோட்டா டைனா பத்தடி லாரி, 3.0 டீசல், மேனுவல், கேன்வாஸ் கூரை போட்டது. இரண்டும் 2012-இல் பதிவானவை, 2022-இல் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தவை.

ஓட்டம் நாளுக்கு 90 கி.மீ., மாதம் 25 நாள். ஈசூனிலிருந்து செங்காங், பொங்கோல், தெம்பனிஸ் பக்கம். சில நாள் ஜூரோங் வெஸ்ட். இதில் 50 கி.மீ. எக்ஸ்பிரஸ்வே, மீதி குடியிருப்புப் பேட்டை ரோடு, டிராஃபிக் லைட். சாதாரண நாளில் ஏணி, வேக்கம் பம்ப், கேஸ் டப்பா, டூல் பெட்டி எல்லாம் சேர்ந்து 250 கிலோ. வாரம் இரண்டு நாள் இன்ஸ்டலேஷன், அன்றைக்கு 700 கிலோ வரை போகும்.

அமெரிக்கக்காரர்கள் எழுதுவதைப் படித்தால், நடுத்தர பிக்கப்பும் முழு அளவு பிக்கப்பும் ஏறத்தாழ ஒரே அளவு எண்ணெய்தான் குடிக்கின்றன, சிறியதை வாங்குவதில் லாபமில்லை என்கிறார்கள். இங்கேயும் அப்படித்தானா? ஹைலக்ஸ் லிட்டருக்கு 13 கி.மீ. ஓடும் என்கிறார் விற்பவர். டைனா 10 என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

கணக்குப்பிள்ளை

முதலில் அமெரிக்கக் கதையைத் தீர்த்துவிடுவோம். அவர்கள் சொல்வது அங்கே உண்மைதான். 2010 மாடல் டொயோட்டா டகோமா, 4.0 வி6, ஃபோர் வீல் டிரைவ், ஆட்டோ: அந்நாட்டு அரசு மதிப்பீடு கேலனுக்கு நகரில் 16, நெடுஞ்சாலையில் 20, சேர்த்து 17 மைல். அதே வருட செவர்லே சில்வராடோ, 5.3 வி8, ஃபோர் வீல் டிரைவ்: 15, 21, சேர்த்து 17. ஒரு சுற்று பெரிய வண்டி, ஆனால் விடை ஒன்றே. காரணம், பெரிய வண்டிக்குத்தான் கம்பெனிகள் முதலில் நல்ல தொழில்நுட்பத்தைக் கொடுத்தன. சில்வராடோவில் ஆறு கியர் ஆட்டோ, சுமை குறைந்தால் எட்டில் நாலு சிலிண்டர் அணைந்துவிடும் ஏற்பாடு. டகோமாவில் பழைய ஐந்து கியர். எஞ்சின் சின்னது என்பதால் எப்போதும் மிதித்தே ஓட்ட வேண்டும்.

அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அவை பெட்ரோல் வண்டிகள். கேலனும் அமெரிக்க கேலன், 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. 17 மைல் என்றால் நம் கணக்கில் லிட்டருக்கு 7.2 கி.மீ. 2008 மாடலிலிருந்து அங்கே சோதனை முறையும் கடுமையானது. அதற்கு முந்தைய வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த எண் கொஞ்சம் பெருமைக்குச் சொன்னது. அதைப் புதிய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

உங்கள் இரண்டு வண்டிக்கு வருவோம். வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் காலி எடையைப் பாருங்கள். டபுள் கேபும் பத்தடி லாரியும் காலியாக நிற்கும்போது பெரிய வித்தியாசம் இருக்காது, 100, 200 கிலோ முன்னே பின்னே. ‘லாரி கனம், அதனால் குடிக்கும்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

எடை எங்கே தின்கிறது என்றால், நின்று நின்று கிளம்பும்போது. ஆளும் சரக்கும் சேர்த்து 2,150 கிலோ வண்டியை 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 207 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல். எஞ்சின் அதில் 30 சதவீதத்தைச் சக்கரத்துக்குத் தரும் என்று வைத்தால் ஒவ்வொரு கிளம்பலுக்கும் 19 மில்லி. நாளுக்கு 120 தடவை நின்றால் 2.3 லிட்டர் பிரேக் சூட்டில் போகிறது. அதே கணக்கில், இன்ஸ்டலேஷன் நாளில் கூடுதலாக ஏறும் 450 கிலோவுக்கு ஒரு கிளம்பலுக்கு 4 மில்லிதான். நாள் முழுக்க அரை லிட்டர். சரக்கு ஏற்றுவது அவ்வளவு செலவில்லை.

வித்தியாசம் வருவது காற்றில். லாரியின் தட்டையான முகமும் கேன்வாஸ் கூரையும் சேர்ந்தால், காற்றைத் தள்ளும் பரப்பு பிக்கப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. 70 கி.மீ. வேகத்தில் பிக்கப்புக்குக் காற்றுத் தடை 270 நியூட்டன் பக்கம் என்றால் லாரிக்கு 550. அந்த 280 நியூட்டனை 50 கி.மீ. தள்ளினால் 14 மெகாஜூல், அதாவது 1.3 லிட்டர் டீசல். 90 கி.மீ. நாளுக்கு ஹைலக்ஸ் 9 லிட்டர் குடித்தால் டைனா 10.3, குட்டை கியர், 3.0 எஞ்சின் எல்லாம் சேர்த்து 10.5 என்று வையுங்கள். ஆக நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது ஹைலக்ஸுக்கு 10, டைனாவுக்கு 8.5. பதிமூன்று என்பது இராத்திரி பதினொரு மணிக்கு ஏசி இல்லாமல் எஸ்எல்இ எக்ஸ்பிரஸ்வேயில் ஒரே சீராக ஓட்டினால் வரும்.

மாதம் 2,250 கி.மீ.க்கு ஒன்று 225 லிட்டர், மற்றது 265. வித்தியாசம் 40 லிட்டர். லிட்டர் 2.50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 100 வெள்ளி.

பத்தடி_ராஜா

கணக்கு சரிதான், ஆனா அந்த 100 வெள்ளிய வச்சு முடிவெடுத்துடாதீங்க அண்ணே.

ஹைலக்ஸ் டபுள் கேப் பின்தட்டு நீளம் ஒன்றரை மீட்டர்தான். ஏர்கான் டிரங்கிங் (குழாயை மூடுற பிளாஸ்டிக் உறை) இரண்டு மீட்டர் நீளத்துல வரும். டெய்ல்கேட்டைத் திறந்து போட்டு, வெளியே நீட்டி, சிவப்புத் துணி கட்டிக்கிட்டுப் போகணும். ஏணிக்கு மேலே ரேக் வேணும். ரேக் போட்டு அதுல ஏணியக் கட்டினா, கணக்குப்பிள்ளை சொன்ன காற்றுத்தடை ஹைலக்ஸுக்கும் ஏறும். கேனப்பி (பின்தட்டுக்கு மேல் மூடி) போட்டா இன்னும் கொஞ்சம். அவர் காட்டின 1.3 லிட்டர்ல ஒரு பகுதி அங்கேயே காலி.

அவுட்டோர் யூனிட்டைப் படுக்க வைக்கக் கூடாது, கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள போயிடும். நிமிர்த்தி நிறுத்தினா ஹைலக்ஸ்ல மூணு யூனிட்டுக்கு மேல வச்சுக் கட்ட இடம் பத்தாது, இன்டோர் பெட்டிங்களுக்கு எங்கே போறது? பின்சீட்டுலதான். அப்ப ஆளு எங்கே உட்காருவாரு? இன்ஸ்டலேஷன் நாள்ல கடைக்கு இன்னொரு நடை போவீங்க. ஒரு நடை போய் வர 25 கி.மீ.ன்னா இரண்டரை லிட்டர். மாசத்துல எட்டு நடைக்கு 20 லிட்டர். 40 லிட்டர் வித்தியாசம் பாதியா குறைஞ்சு போச்சு, உங்க நேரத்தை நான் கணக்குல சேர்க்கவே இல்ல.

ஒண்ணு கவனிங்க. லாரி பக்கத்துல எழுதியிருக்கிற எம்எல்டபிள்யூ, அதாவது சரக்கோட சேர்ந்த உச்ச எடை, 3,500 கிலோ அல்லது அதுக்குக் கீழ இருக்கான்னு பாருங்க. அதுக்குள்ள இருந்தா எக்ஸ்பிரஸ்வேல வேக வரம்பு 70 கி.மீ., ஈஆர்பி (சாலைக் கட்டணம்) கூட கார் மாதிரி. 3,500ஐத் தாண்டினா 60தான், ஈஆர்பி ஒன்றரை மடங்கு. அந்த ஈஆர்பி வித்தியாசத்தையும் டீசல் கணக்கோட சேர்த்துப் பாருங்க.

பின்னாடி ஒத்தை டயரா, இரட்டை டயரா? 700 கிலோவுக்கு ஒத்தை டயர் போதும். இரட்டை டயர்னா உருளும் தடையும் கூட, மாத்தும்போது ஆறு டயர் காசு.

2022-ல சிஓஇ எத்தனை வருஷத்துக்குப் புதுப்பிச்சாங்கன்னு லாக் கார்டுல (வண்டிப் பதிவு விவரம்) பார்த்தீங்களா? பத்து வருஷம்னா 2032 வரைக்கும், சரக்கு வண்டியோட இருபது வருஷ ஆயுளும் அதோட சரி. அஞ்சு வருஷம்னா 2027-ல வண்டிய ஒப்படைக்கணும், மறுபடி புதுப்பிக்க முடியாது. விலை மலிவா இருந்தா காரணம் அங்கேதான் இருக்கும்.

உபி_ஸ்பேனர்

பத்து வயசு தாண்டின டீசல் வண்டில மாடலுக்கு மாடல் வித்தியாசத்தைவிட, ஒரே மாடல்ல வண்டிக்கு வண்டி வித்தியாசம் அதிகம். நல்ல டைனா கெட்ட ஹைலக்ஸைவிடக் கம்மியா குடிக்கும். எண்ணெய் குடிக்கிற வண்டின்னு வந்தா எந்த வரிசையில பார்க்கணும்னு சொல்றேன்.

முதல்ல பிரேக். ரொம்பப் பேர் இஞ்செக்டர்ல (எஞ்சினுக்குள்ள டீசலைப் பீய்ச்சற பாகம்) ஆரம்பிச்சுக் காசை விடுறாங்க. 15, 20 நிமிஷம் ஓட்டிட்டு, கடைசில பிரேக்கை அதிகம் மிதிக்காம உருள விட்டு நிறுத்துங்க. இன்ஃப்ராரெட் கன் (தொடாம சூடு அளக்கிற கருவி) வச்சு நாலு சக்கரத்தையும் அளங்க. இடது பின் டிரம் 60 டிகிரி, வலது 100 டிகிரின்னா வலது பக்கம் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ள துருப்பிடிச்சுத் திரும்பாம நிக்கும், இல்ல வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், இல்ல ஷூ அட்ஜஸ்டரை யாரோ அதிகமா திருப்பியிருப்பாங்க. முன் சக்கரம்னா பிரேக் கேலிப்பர் நகர்ற கம்பியில கிரீஸ் காஞ்சிருக்கும். ஜாக்கி போட்டுக் கையால சுத்தினாலே தெரியும். பின்னாடி ஆக்சில், கார்டன் ஷாஃப்ட் இழுவை இருக்கத்தான் செய்யும், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கணும்.

அடுத்து தெர்மோஸ்டேட், எஞ்சின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்டைத் தடுத்து வைக்கிற வால்வு. இது திறந்தே நின்னுட்டா எஞ்சின் சூடே ஆகாது. நம்ம ஊர் வெயில்ல ஹீட்டர் போடறதில்ல, அதனால யாருக்கும் தெரியாது. மீட்டர் முள்ளை நம்பாதீங்க, ஸ்கேனர் மாட்டி கூலன்ட் சூட்டைப் பாருங்க. கால் மணி நேரம் ஓடியும் 75 டிகிரியைத் தாண்டலைன்னா மாத்துங்க. சூடு ஏறாத வரைக்கும் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டியே விடும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாவே ஓடும். சாமான் விலை கம்மி, வேலை ஒரு மணி நேரம்.

மூணாவது ஃபேன் கிளட்ச், சூடு ஏறினா மட்டும் ரேடியேட்டர் ஃபேனைப் பிடிச்சுச் சுத்தற பாகம். வெயில் இல்லாத காலையில, கிளம்பி பத்து நிமிஷத்துக்கு அப்புறமும் முடுக்கும்போது பஸ் மாதிரி ஊளையிடுதா? கிளட்ச் விடாம பிடிச்சிருக்கு. ஃபேன் சும்மாவே பல குதிரைசக்தியைத் தின்னும்.

இப்பதான் இஞ்செக்டர். ஹைலக்ஸ் 2.5 எஞ்சின் 2கேடி, டைனா 3.0 எஞ்சின் 1கேடி, ரெண்டும் ஒரே குடும்பம், நோயும் ஒண்ணுதான். இஞ்செக்டர்ல மிஞ்சுற டீசல் திரும்பிப் போற ரிட்டர்ன் லைன்ல நாலு கண்ணாடிக் குழாய் மாட்டி ஐடில்ல விடுங்க. மூணு குழாய் ஒரே அளவு, ஒண்ணு மட்டும் ரெண்டு மடங்கு நிறைஞ்சா அந்த இஞ்செக்டர் தேஞ்சு போச்சு. ஆனா எண்ணெய்ச் செலவைவிட முக்கியமா இந்தக் குடும்பத்துக்கே ஒரு ஆபத்து உண்டு. இஞ்செக்டர் அடியில இருக்கிற செப்பு வாஷர் கசிஞ்சா, எரிஞ்ச வாயு மேலே வந்து ஆயில்ல கரியா கலக்கும். அந்தக் கரி கீழ போய் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் பிரஷர் போனா டர்போவும் எஞ்சினும் சேர்ந்து போகும். ராக்கர் கவரைக் கழட்டச் சொல்லுங்க. இஞ்செக்டர் சுத்தி தார் மாதிரி கறுப்பா இறுகியிருந்தா வாஷர் கசியுது, அடியில இருக்கிற ஆயில் தொட்டியையும் (சம்ப்) இறக்கி வலையைப் பார்க்காம வாங்காதீங்க.

அப்புறம் டர்போ ஹோஸ். டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போற குழாய்ல ஆயில் ஈரம், முடுக்கும்போது சீட்டிச் சத்தம், சுமைல கறுப்புப் புகை: மூணும் சேர்ந்தா கிழிசல். இஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுறது), காத்து உள்ள போற இன்டேக்ல கரி அப்பியிருக்கிறது இந்த வயசுல சகஜம், கழட்டிக் கழுவினா எஞ்சின் லேசாகும், ஆனா அதனால மட்டும் லிட்டருக்கு ரெண்டு கி.மீ. ஏறும்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

ஏர் ஃபில்டர், டயர் காத்து பத்தி எல்லாரும் பேசுவாங்க. காத்து ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா 0.2 சதவீதம்தான் போகும். பத்து குறைஞ்சாலும் ரெண்டு சதவீதம். கதவுத் தூண்ல இருக்கிற ஸ்டிக்கர் அளவுக்கு அடிங்க, எண்ணெய்க்காக இல்ல, டயர் ஓரம் தேயாம இருக்க.

பத்து வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. கடைசி ரெண்டு தடவை புகைச் சோதனையில வந்த அளவைக் கேளுங்க. ஏறிக்கிட்டே வந்திருந்தா மேலே சொன்னதுல ஏதோ ஒண்ணு இருக்கு.

குளிர்காற்று_ஈசூன்

எல்லாருக்கும் நன்றி. சிஓஇ விஷயம் பார்த்தேன், இரண்டும் 2032 வரை. டைனா எம்எல்டபிள்யூ 3,500க்குள் இருக்கிறது, பின்னால் ஒற்றை டயர். ஹைலக்ஸில் முன்னிருந்தவர் டயர் அளவை மாற்றியிருக்கிறார், 205/70 இருந்த இடத்தில் 225/70, அதே 15 அங்குலம். அதனால் ஏதும் ஆகுமா? வாங்கியபின் எண்ணெய்க் கணக்கைச் சரியாக எப்படி எடுப்பது? இடையில் நிறுத்தும்போது ஏசிக்காக எஞ்சினை ஓடவிடுவது உண்டு, அதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

டயர் கேள்வி நல்ல கேள்வி. 205/70-15 டயரின் விட்டம் 668 மி.மீ., 225/70-15 என்றால் 696. நாலு சதவீதம் பெரிது. ஆகவே மீட்டர் 500 கி.மீ. காட்டும்போது வண்டி 521 ஓடியிருக்கும். மீட்டரை நம்பிக் கணக்குப் போட்டால் வண்டி உண்மையைவிட மோசமாகத் தெரியும். ஸ்பீடோமீட்டரும் அதே நாலு சதவீதம் குறைத்துக் காட்டும், கேமராவுக்கு அது தெரியாது. அகலமான டயர் உருளவும் கொஞ்சம் தடை. தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.

அளப்பதற்கு ஒரே வழி, டேங்க் முதல் டேங்க் வரை. ஒரே ஸ்டேஷன், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் விட்டுவிடுங்கள். விலையை முழு வெள்ளியாக்க மேலும் அமுக்காதீர்கள். டீசல் நுரைக்கும், அமுக்கினால் ஒரு தடவை மூன்று லிட்டர் போகும், மறுதடவை போகாது. 40 லிட்டர் நிரப்பில் இரண்டு லிட்டர் பிழை என்றால் ஐந்து சதவீதம். அதனால் ஒரே நிரப்பை நம்பாமல், நாலு நிரப்பின் மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுங்கள். கி.மீ.யை மீட்டரில் எடுக்காமல், ஒரு தடவை கைப்பேசி ஜிபிஎஸ்ஸோடு 50 கி.மீ. ஓட்டி எத்தனை சதவீதம் தப்பு என்று பார்த்து, அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சினை ஓடவிடுவது: இந்த அளவு டீசல் எஞ்சின் ஏசியோடு ஐடிலில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். தினம் முக்கால் மணி நேரம் என்றால் 0.75 லிட்டர், உங்கள் ஒன்பது லிட்டரில் எட்டு சதவீதம். இரண்டு வண்டிக்கும் நடுவே நாம் இத்தனை நேரம் அடித்துக்கொண்ட வித்தியாசத்தில் பாதி அது. நின்றுகொண்டு எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட.

பத்தடி_ராஜா

ஒற்றை டயர், 3,500க்குள்ள, 2032 வரைக்கும்னா எனக்கு டைனாதான். ஆனா பேட்டை மல்டி ஸ்டோரி கார்பார்க் நுழைவுல உயரப் பலகையப் பாருங்க, கேன்வாஸ் கூரையோட உள்ள போகுமான்னு டேப் வச்சு அளந்துட்டுச் சொல்லுங்க. போகலைன்னா தினமும் எங்கேயோ நிறுத்திட்டு ஏணியைத் தூக்கிக்கிட்டு நடக்கணும்.

உபி_ஸ்பேனர்

விற்கிறவர் வண்டிய ரெண்டு நாள் தரமாட்டார், அதனால 40 நிமிஷத்துல முடிக்கிற மாதிரி போங்க. காலையில எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வரேன்னு சொல்லுங்க. சூடாக்கி வச்சிருந்தா பானட்டைத் தொட்டாலே தெரியும், அன்னைக்கு வேணாம், மறுநாள் போய்ப் பாருங்க. குளிர்ந்த ஸ்டார்ட்ல ஐடில் ஏறி இறங்கி ஆடுதான்னு கேளுங்க, ஆடினா டீசல் பம்ப்ல அளவைக் கட்டுப்படுத்துற சக்ஷன் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகப்படலாம். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்க, டீசல் வாசமும் அளவு மேல்கோட்டைத் தாண்டியும் இருந்தா இஞ்செக்டர் கசியுது. ஸ்கேனரை மாட்டி விட்டுட்டே 20 நிமிஷம் ஓட்டுங்க, கூலன்ட் சூட்டைக் கவனிங்க. திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தையும் கன்ல அளங்க. நாலு எண்ணையும் எழுதி இங்கே போடுங்க, ரெண்டு வண்டிக்கும்.